மோசம் போனவரின் தடி

எர்லாங்கன்
9 செப்டம்பர் 2025

திரு. சிறீதரன் அவர்களுக்கு,

வணக்கம். நாம் சந்தித்ததில்லை. என் பெயர் வைதேகி. சொந்த ஊர் மன்னார்குடி. ஆறு வருஷமாக ஜெர்மனியில், இங்கே யுனிவர்சிட்டியில் விளையாட்டு வரலாறு ஆராய்ச்சி செய்கிறேன். உங்கள் அண்ணன் திரு. உருத்திரமூர்த்தி என்னைப் பற்றி உங்களிடம் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன். கொஞ்ச நாளாக அவர் போன் எடுப்பதில்லை. மெயிலுக்கும் பதில் இல்லை. கம்பெனி நம்பரில் கூப்பிட்டால் ஒரு பெண் "இப்ப கதைக்க ஏலாது" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். அதனால்தான் இந்த ரிஜிஸ்டர் தபால்.

விஷயம் இதுதான். லைமன் ஹாஸ்கெட் என்று ஒரு அமெரிக்கர். ஒஹையோவில் ஷூ பாலிஷ் கம்பெனி வைத்திருந்தார். அவர் ஊரில் முதன்முதலாக கோல்ஃப் ஆடியவர் அவர்தான். மாடு மேய்கிற நிலத்தில் தக்காளி டின்னைப் புதைத்து, அதைக் குழியாக வைத்து ஆடியிருக்கிறார். காசுக்கு ஆடாத அமெச்சூர். ஆனால் கோல்ஃப் ஸ்டிக்கோடு நிற்கும் தன் படத்தையே பாலிஷ் டப்பா மூடியில் போட்டுக்கொண்டார். "ஆட்டத்தை வைத்துப் பிழைக்கிறான், இவனெல்லாம் அமெச்சூரா?" என்று கோல்ஃப் சங்கத்துக்காரர்கள் சந்தேகப்பட்டு இரண்டு வருஷம் ஒதுக்கி வைத்தார்கள். மனுஷன் நொந்துபோய், கல்லீரலுக்கு வைத்தியம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு சாக்ஸனியில் ஊற்று நீர்க் குளியலுக்குப் பேர்போன ஓர் ஊருக்கு வந்தார். அங்கே சொந்தச் செலவில் ஒன்பது குழி மைதானம் போட்டுக் கொடுத்தார். 1914-ல் போர் வந்ததும் அவசரமாகக் கிளம்பினார். பந்தைக் குழிக்குள் தள்ள அவர் வைத்திருந்த பட்டர் மட்டும் இந்த நாட்டிலேயே தங்கிவிட்டது. அவர் வாழ்க்கையைத்தான் புத்தகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பட்டர் உங்கள் அண்ணனிடம் இருக்கிறது. லைப்சிக் பழம்பொருள் சந்தையில் வாங்கினாராம். இரும்புத் தலையின் அடியில் குட்டி ஷூ மாதிரி ஒரு முத்திரை இருக்கும். ஜூனில் உங்கள் கிடங்குக்கு வந்தபோது காட்டினார். நவம்பரில் எங்கள் எக்ஸிபிஷன். அதற்குத் தருவதாக வாக்குக் கொடுத்தார். "ஆறுதலா எடுத்துக்கொண்டு போங்கோ பிள்ளை" என்றார். அந்தச் சொல் எனக்கு நிஜமாகவே ஆறுதலாக இருந்தது. அந்தப் பட்டர் இல்லாவிட்டால் எக்ஸிபிஷன் இல்லை. எக்ஸிபிஷன் இல்லாவிட்டால் என் வேலையை நீட்டிக்க மாட்டார்கள்.

எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
வைதேகி


லைப்சிக்
15 செப்டம்பர் 2025

வைதேகி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எங்கள் கந்தோரில் தபால் பிரிக்கிற தேனுஜா, "ஆரோ நூறு வருசத்துப் பட்டர் கேட்டு எழுதியிருக்கினம்" என்று கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் உறைந்த மீனும் மரக்கறியும் விற்கிறவர்கள். பட்டர் இல்லை என்று எழுதிப் போடு என்றேன். பிறகுதான் முழுக்க வாசித்தேன். அண்ணையின் கோல்ப் தடியைத்தான் கேட்கிறீர்கள் என்று விளங்கியது.

அண்ணை மோசம் போயிட்டார். வீட்டில் ஒருத்தரும் நிதானத்தில் இல்லை. கடதாசி வேலை எல்லாம் என் தலையில், நேரம் குறித்துப் போகவேண்டிய ஒரு டெர்மின் முடிய இன்னொரு டெர்மின். இந்த நேரம் பார்த்துத் தடி கேட்டு ரிஜிஸ்டர் தபால் வருகிறது.

எனக்கு உங்களைத் தெரியாது. உங்களைப் பற்றி அண்ணை என்னோடு ஒருநாளும் கதைத்ததில்லை. எர்லாங்கனில் இருக்கிற இந்தியன் ஆக்கள் எல்லாரும் சைக்கிளில் வேலைக்குப் போகிற எஞ்சினியர்மார் என்றுதான் கேள்வி. கோல்ப் சரித்திரம் படிக்கிறதுக்கும் அங்கே சம்பளம் கொடுக்கிறார்களோ? அண்ணை வாக்குக் கொடுத்தார் என்கிறீர்கள். இனி ஆரும் எதையும் சொல்லலாம்தானே. கிடங்குக்குள் வந்து பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு நான் எங்கே போயிருந்தேன் என்று தெரியவில்லை. நான் நின்றிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன்.

தடி எங்கே என்று இப்போது சொல்ல ஏலாது. சொல்லவேண்டிய கட்டாயமும் எனக்கு இல்லை.

அண்ணையின் கல்வெட்டு வேலை வேறு கிடக்கிறது. அவர் கோல்ப் விளையாடினதும் அதில் வரவேணும் என்று அண்ணி ஒற்றைக்காலில் நிற்கிறா. அது முடியும்வரை தடிக் கதையை எடுக்காதீர்கள். போனும் பண்ணாதீர்கள். எதென்றாலும் கடதாசியில் இருக்கட்டும்.

உ. சிறீதரன்


எர்லாங்கன்
18 செப்டம்பர் 2025

திரு. சிறீதரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம்தான் ஏறியது.

அண்ணன் மோசம் போய்விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரால்? என்னாலா? அவரிடம் ஒரு டீயும் இரண்டு ரோல்ஸும் தவிர நான் எதையும் வாங்கவில்லை. நேரடியாகவே கேட்கிறேன். அவர் எப்போது மோசம் போனார்? எங்கே? எந்த வகையில்? ஆதாரம் இருந்தால் பிரதி அனுப்புங்கள். சும்மா சொன்னால் நான் ஏன் நம்ப வேண்டும்?

என்னைக் கேட்டால், அவர் மோசம் போனதில் பெரிய ஆச்சரியம் இல்லை. முன்பின் தெரியாதவளைக் கிடங்குக்குள் கூட்டிப்போய், பீரோவைத் திறந்து காட்டி, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று உட்காரவைத்த மனிதர் அவர். இப்படிப்பட்டவர் ஒருநாள் மோசம் போவார் என்று அன்றைக்கே நினைத்தேன். கூடப் பிறந்த தம்பி நீங்கள் பக்கத்திலேயே இருந்திருக்கிறீர்கள். என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? இனி நீங்களாவது மோசம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தக் கல்வெட்டு. நான் வரலாறு படித்தவள். கல்வெட்டு எதற்கு வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இது எங்களுடையது, யாரும் கேட்டு வரக்கூடாது என்று ஊருக்குச் சொல்வதற்கு. ராஜாக்கள் செய்ததை ஒரு மீன் கம்பெனி செய்வதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஹாஸ்கெட்டின் பட்டரை உங்கள் குடும்பச் சொத்தாகக் கல்லில் வெட்டிவிட்டால் அது உங்களுடையது ஆகிவிடுமா? வெட்டுங்கள். கீழே இரண்டு வரி காலியாக விடுங்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பட்டரை விற்றுவிட்டீர்கள் என்று எனக்குச் சந்தேகம். இல்லையென்றால் அது எங்கே இருக்கிறது என்று சொல்வதில் என்ன கஷ்டம்?

வைதேகி


லைப்சிக்
22 செப்டம்பர் 2025

வைதேகிக்கு,

கேட்ட கேள்விகளுக்குப் பதில்.

எப்போது: செப்டம்பர் ஆறாம் தேதி, சனிக்கிழமை காலை. எங்கே: ஆஸ்பத்திரிக் கட்டிலில். எந்த வகையில்: இருதயம். இரண்டு கிழமை மெசினில் வைத்திருந்தார்கள். ஆதாரம்: நகரசபை தந்த மரணச் சான்றிதழ். பிரதி இணைத்திருக்கிறேன். முத்திரை குத்திய பிரதிதான். சும்மா பிரதி என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

தம்பி நான் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டீர்கள். அந்த மெசினில் ஓடின பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணை சாவார் என்று அன்றைக்கே நினைத்தீர்களாம். இனி நானாவது சாகாமல் பார்த்துக்கொள்ள வேணுமாம். இதென்ன வெருட்டலா? கடிதத்தை அண்ணி சுந்தரேஸ்வரி கையில் கொடுத்ததுதான் நான் செய்த பிழை. வாசித்துப்போட்டு, "சிறீ, இவள் ஆர்? எங்கட வீட்டில இன்னொரு சாவு விழவேணுமாமோ?" என்று கேட்டா. உயிரோடு இருந்த மனுசன் உங்களுக்கு ரோல்ஸ் தந்து இருத்திச் சாப்பிடவைத்ததையும் எழுதி, அதற்குப் பக்கத்திலேயே இதையும் எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நாற்பது வருசத்துக்கு முன்னம் கிழக்கு ஜேர்மனிப் பக்கத்து ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்குப் பக்கம் வந்த அண்ணையிடம் முதலில் கேட்டது ஆதாரம். உன் ஊரில் ஆபத்து என்பதற்கு என்ன ஆதாரம், உன் பெயர் இதுதான் என்பதற்கு என்ன ஆதாரம். கடை திறக்க, வீடு எடுக்க, கோல்ப் கிளப்பில் சேர, எல்லாத்துக்கும் அன்ட்ராக் என்று விண்ணப்பமும் ஆதாரமும் கொடுத்தே மனுசன் கிழவனானார். செத்ததுக்கும் ஆதாரம் காட்டு என்று ஒரு தமிழ்ப் பிள்ளை கேட்கும் என்று நான் நினைக்கவில்லை.

தடி இல்லை. இனி எழுதாதீர்கள்.

சிறீதரன்


எர்லாங்கன்
24 செப்டம்பர் 2025

சிறீதரன் அண்ணைக்கு,

எழுதாதீர்கள் என்றீர்கள். இந்த ஒரு கடிதத்தை மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

எங்கள் ஊரில் மோசம் போவது என்றால் ஏமாந்து போவது. சீட்டுக் கம்பெனியில் பணம் போட்டவர் மோசம் போவார், போலி நகையை வாங்கியவர் மோசம் போவார். செத்துப்போனவரை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, உருத்திரமூர்த்தி சாரை யாரோ ஏமாற்றிவிட்டார்கள், அந்தப் பழியை நீங்கள் என் மேல் போடுகிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறு எந்த நினைப்பும் வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

சான்றிதழைப் பிரித்ததும் உங்கள் கடிதங்களை எடுத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் டிபார்ட்மென்ட் லைப்ரரியில் துஷானி என்று ஒரு பெண் இருக்கிறாள். உங்கள் நாட்டு இணுவிலிலிருந்து வந்த குடும்பம். அவளிடம் உங்கள் முதல் கடிதத்தைக் காட்டினேன். "அய்யோ அக்கா, ஆள் செத்துப்போனார் எண்டுதானே எழுதியிருக்கு" என்றாள். அடுத்து நான் உங்களுக்கு எழுதியதன் நகலைக் காட்டினேன். அவள் படித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கல்வெட்டு என்பது முப்பத்தோராம் நாள் வீட்டில் வைத்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகம் என்பதையும் அவள்தான் சொன்னாள். நான் பாட்டுக்கு ராஜா, கல், சொத்து என்று எழுதித் தள்ளியிருக்கிறேன்.

நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் இப்போது உங்கள் அர்த்தத்தில் படித்துப் பார்க்கிறேன். உடம்பெல்லாம் கூசுகிறது. அண்ணியின் காலில் விழவேண்டும் போலிருக்கிறது. அந்த மனிதர் என்னைப் பிள்ளை என்று கூப்பிட்டார். ஹாஸ்கெட்டைச் சங்கத்துக்காரர்கள் சந்தேகப்பட்ட கதையைச் சொன்னபோது, "பாத்தியளே, அவரையும் ஆக்கள் நம்பேல்லை" என்று எவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தார். அவர் போய்விட்டார் என்று தெரிந்த நாளில் எனக்கு அழக்கூட வரவில்லை. வெட்கம்தான் முன்னால் நின்றது.

பட்டர் வேண்டாம். எக்ஸிபிஷனை நம்பி இருக்க வேண்டாம் என்று டைரக்டரிடம் சொல்லிவிட்டேன். நான் சொல்வதையெல்லாம் நம்புங்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. கீழே துஷானி எழுதியிருக்கிறாள்.

வைதேகி

அண்ணை, இவ சொல்லுறது உண்மை. இந்தியாவில அந்தச் சொல்லுக்கு அதுதான் கருத்து. கோவிக்காதேங்கோ. துஷானி.


லைப்சிக்
27 செப்டம்பர் 2025

தங்கச்சி வைதேகிக்கு,

உண்மையைச் சொல்கிறேன், முதலில் நம்பவில்லை. துஷானி என்று நீங்களே ஒரு ஆளை உண்டாக்கி எழுதியிருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டு எழுத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வேறு கைதான். அதற்குப் பிறகும் இணுவிலில் உள்ள ஒருவருக்குப் போன் போட்டு, இன்னாரின் மகள் எர்லாங்கனில் லைப்ரரியில் வேலையோ என்று விசாரித்தேன். ஓம் என்றார்கள்.

உங்களுக்கு எங்கட தமிழ் தெரியாது. அது உங்கள் பிழை இல்லை. ஆனால் எங்களுக்கு உங்கட தமிழ் நல்லாத் தெரியும், உங்கட படம் பார்த்துத்தான் வளர்ந்தோம். மோசம் போயிட்டேனே என்று எத்தனை கதாநாயகிகள் அழுததைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தும் எனக்கு மண்டைக்குள் ஓடவில்லை. அண்ணியிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த மனுசி சிரிக்கத் தொடங்கிவிட்டா. அண்ணை போன பிறகு அவ சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். சிரிப்பு முடிய அழுதா.

இன்னொன்று. அண்ணை ஆறுதலாக எடுத்துக்கொண்டு போங்கோ என்றது உங்களைத் தேற்ற இல்லை. மெதுவாக, அவசரமில்லாமல் எடுங்கோ என்றுதான் அதற்குக் கருத்து. தனக்கு நிறைய நாள் இருக்கு என்று நினைத்திருக்கிறார்.

இனித் தடி. மறைத்துப் பிரயோசனமில்லை. பெட்டிக்குள் அவருக்குப் பிடித்த சாமான் ஏதாவது வைக்கவேணும் என்று அண்ணி சொன்னா. கிடங்கு அலுமாரியில் அவருடைய தடிகள் ஒரு பை நிறையக் கிடந்தன. எல்லாம் மினுங்குகிற தடிகள். ஒன்று மட்டும் பழசு, மரப்பிடி. புதுசுகளைக் கிளப்புக்குக் கொடுக்கலாம், பழசை எரித்தால் நட்டமில்லை என்று எடுத்துப் போனேன். பெட்டிக்குள் இரும்பு வைக்க விடமாட்டோம் என்றான் சவப்பெட்டிக்கார ஜேர்மன்காரன். நானே கிடங்கில் வைத்துத் தடியின் தலையை இரும்பறுக்கிற வாளால் அறுத்தெடுத்தேன். பிடி அண்ணையோடு போயிட்டுது. தகனம் முடிந்து கந்தோருக்கு வந்து உங்கள் கடிதத்தை வாசித்தேன். அமெரிக்கனின் தடி, எக்ஸிபிஷன் என்று இருக்கிறது. வழக்குப் போடுவீர்கள் என்று பயந்தேன். அதுதான் தடி எங்கே என்று எழுதவில்லை. தலை என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அடியில் நீங்கள் எழுதினபடி ஒரு குட்டிச் சப்பாத்து இருக்கு.

நான் ஒருநாளும் அவர் விளையாடுவதைப் போய்ப் பார்த்ததில்லை. இல்லை, ஒருநாள் போனேன், அவருக்குத் தெரியாமல். ஞாயிறு தவறாமல் காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுகிறார், வேற எங்கேயோ ஆளை வைத்திருக்கிறார் என்று அண்ணிக்குச் சந்தேகம். என்னைப் பின்னால் அனுப்பினா. போய் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தால், மனுசன் தன்னந்தனியக் குந்தியிருந்து புல்லோடு கதைத்துக்கொண்டிருக்கிறார். நான் திரும்பி வந்து, "அண்ணி, ஆள் இருக்கு, ஆனால் பச்சை நிறம்" என்றேன்.

கல்வெட்டில் அவர் பிறந்தது, வந்தது, கடை போட்டது எல்லாம் எழுதிவிட்டோம். கோல்ப் பக்கம் மட்டும் வெறுமனே கிடக்கிறது. எங்களில் ஒருத்தருக்கும் அதைப் பற்றி ஒரு வசனம் எழுதத் தெரியாது. நீங்கள் எழுதித் தருவீர்களா? அமெரிக்கனுக்கு முழுப் புத்தகம் எழுதுகிறீர்கள். அண்ணைக்கு ஒரு பக்கம்.

ஒக்டோபர் ஆறாம் தேதி முப்பத்தோராம் நாள். வாறதென்றால் வாங்கோ. அண்ணி சொல்லச் சொன்னவ.

சிறீதரன்


எர்லாங்கன்
4 நவம்பர் 2025

சிறீதரன் அண்ணைக்கு,

பார்சல் வந்தது. தலையை டவலில் சுற்றி, அதற்கு மேல் மீன் பெட்டியின் தெர்மோகோல் வைத்து அனுப்பியிருந்தீர்கள். உள்ளே ஒரு ரசீதும் இருந்தது: தலை நல்ல நிலையில் கிடைத்தது என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். முப்பத்தோராம் நாளன்று உங்கள் வீட்டில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணியை இன்னொரு கரண்டி கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றச் சொன்ன ஆளா இந்த ரசீதை எழுதியது? போட்டு இணைத்திருக்கிறேன். துஷானி சாட்சிக் கையெழுத்து.

கல்வெட்டில் அச்சான என் பக்கத்தைப் பார்த்தேன். உருத்திரமூர்த்தி என்கிற தொழிலதிபர் என்று நான் எழுதியிருந்தேன். நீங்கள் அதை மட்டும் அடித்துவிட்டு வியாபாரி என்று போட்டிருந்தீர்கள். அதுதான் சரி. அவரும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டார். புல்லோடு பேசியதை நான் எழுதாமல் விட்டிருந்தேன், அண்ணியின் மனம் நோகக்கூடாது என்று. அதைச் சேர்த்தது அண்ணியேதான் என்று தேனுஜா சொன்னாள்.

முத்திரையைப் பழைய பாலிஷ் டப்பா மூடியோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அதே ஷூதான். பட்டர் ஹாஸ்கெட்டுடையது என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் இல்லை. அறுத்த இடம் பளபளவென்று தெரிகிறது. அதைத் தேய்த்து மறைக்கவா என்று பட்டறையில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். என் வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்திருக்கிறார்கள்.

லேபிளில்தான் சண்டை. பிடி எங்கே என்று டைரக்டர் கேட்டார், சொன்னேன். காணாமல் போனது என்று எழுதச் சொன்னார். காணாமல் போகவில்லை, அது போன இடம் எனக்குத் தெரியும் என்றேன். சரி, நீங்களே எழுதுங்கள் என்று விட்டுவிட்டார். உங்கள் பாஷையில், மோசம் போனவரோடு போனது என்று எழுதத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் எங்கள் ஊர்க்காரர் யாராவது வந்து படித்தால் போலீசைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் இப்படி எழுதியிருக்கிறேன், ஜெர்மனிலும் தமிழிலும். அண்ணியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆறுதலாக வாருங்கள், மார்ச் வரை இங்கேதான் இருக்கும்.

"பட்டர், சுமார் 1905. முதலில் லைமன் ஹாஸ்கெட், வியாபாரி, அமெச்சூர். பின்பு உருத்திரமூர்த்தி, வியாபாரி, அமெச்சூர். இரும்புத் தலை இங்கே உள்ளது. மரப்பிடி உருத்திரமூர்த்தியோடு போய்விட்டது."

உங்கள் தங்கச்சி,
வைதேகி